எந்த அடுக்கில் கிடைத்தது?

கேமரா வைத்திருப்பவர்கள் மென்பொருள் வேலையில் இருக்கிறவனிடம் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" கலர் எதில் நன்றாக வரும், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், ஓசியில் எது கிடைக்கும். கடைசியாக என்னிடம் இதைக் கேட்டவன் அரியாங்குப்பத்தில் எங்களுக்கு அடுத்த தெருப் பையன். வாரநாளில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை கேமரா. ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரன்று மட்டும் 1,400 படம் எடுத்திருக்கிறான். "மொத்தம் நாப்பதாயிரம் படம் கெடக்குதுண்ணா. எது எங்க இருக்குன்னே தெரியல. லைட்ரூம் கட்டிடவா, இல்ல ஃப்ரீயா எதுனா சொல்றீங்களா?"

கலரைப் பற்றி அவன் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். இன்றைய கேமராவின் ரா ஃபைலை லைட்ரூமில் திறந்தாலும் சரி, கேப்சர் ஒன், டார்க்டேபிள், ராதெரபீ எதில் திறந்தாலும் சரி, ஒரு மாதம் பொறுமையாக உட்கார்ந்தால் நல்ல படம் வந்துவிடும். யூடியூபில் இவற்றை ஒப்பிட்டு அரைமணி நேரம் பேசுகிறவர்கள் திரையை 300 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுகிற வித்தியாசத்தை, படத்தைப் படமாகப் பார்க்கிற யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அது தொழில்நுட்பக் கேள்வி என்பதைவிட அறம் சார்ந்த கேள்வி என்றே எனக்குப் படுகிறது: நான் எடுத்த படத்தைப் பற்றி நான் செய்த முடிவுகள் யாரிடம் இருக்கும்? எனக்குப் பின்னால் வருகிறவர் அவற்றைப் படிக்க முடியுமா? படித்து, "இல்லை, நீ சொன்னது தப்பு" என்று மறுக்க முடியுமா?

கொஞ்சம் விளக்க வேண்டும். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று சராசரியாக 25 எம்பி என்று வைத்தால் அந்தப் பையனின் நாற்பதாயிரம் படம் கிட்டத்தட்ட ஒரு டெராபைட். அது வெறும் ஒளியின் கணக்கு. அதன்மேல் அவன் செய்கிற வேலை தனி. எதற்கு ஐந்து நட்சத்திரம், எதைத் தள்ளுவது, இது யார், இது எந்த ஊர்த் திருவிழா, எங்கே வெட்டுவது, நிழலை எவ்வளவு தூக்குவது. இந்த முடிவுகள் அத்தனையையும் சேர்த்தாலும் அந்த ஒரு டெராபைட்டில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அவனுடைய பல வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள்தான் இருக்கின்றன.

இப்போதைய மென்பொருள்கள் மூலப்படத்தைத் தொடுவதில்லை. நீங்கள் ஸ்லைடரை இழுக்கும்போது படம் மாறுவதில்லை, "வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு" என்று ஒரு குறிப்பு எழுதப்படுகிறது, அவ்வளவுதான். திறக்கும்போதெல்லாம் மூலப்படத்தின் மேல் அந்தக் குறிப்பைப் போட்டுக் காட்டுகிறது. அந்தக் குறிப்பு எங்கே எழுதப்படுகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள். லைட்ரூம் கிளாசிக் தன்னுடைய கேட்டலாகுக்குள் எழுதும். அது அடியில் ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளம். கேட்டால் படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்ன உரைக்கோப்பிலும் எழுதும், ஆனால் நீங்கள் போய் அந்தப் பெட்டியை டிக் செய்ய வேண்டும். கலெக்ஷன்கள், விர்ச்சுவல் காப்பிகள் அதிலும் போகாது. டார்க்டேபிளும் தரவுத்தளம் வைத்திருக்கிறது, கூடவே எக்ஸ்எம்பியும் எழுதுகிறது. டிஜிகேம், நீங்கள் சொன்னால், பெயரையும் குறிச்சொல்லையும் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். கூகுள் ஃபோட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்கினால் விவரங்களில் பலதும் தனித்தனி ஜேசன் கோப்புகளாக வந்து விழுகின்றன. அவற்றைப் படத்தோடு மறுபடி ஒட்டவைப்பது உங்கள் பாடு.

இதெல்லாம் ஏன் அறம் என்கிறேன்? அதற்கு எங்கள் ஊர் மேட்டைக் காட்டுவதுதான் சுலபம்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்புப் பக்கம், அரிக்கமேடு இருக்கிறது. நல்ல மழை பெய்து விட்டால் அங்கே மண்ணிலிருந்து மணி தலைகாட்டும். சிவப்பு, பச்சை, கருநீலம், கடுகளவு கண்ணாடி மணிகள். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த கதை எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் உண்டு. அந்த பாட்டிலை எடுத்துக் குலுக்கினால் சத்தம் கேட்கும், வெளிச்சத்தில் பிடித்தால் அழகாக இருக்கும். ஆனால் ஒரு மணி இரண்டாயிரம் வருடம் பழையதா, அதற்குப் பிந்தியதா, அதன் பக்கத்தில் என்ன கிடந்தது, அடுப்பா, கிணறா, பட்டறையா என்று கேட்டால் பாட்டிலுக்குப் பதில் தெரியாது. மணி இருக்கிறது, மணியின் அடுக்கு போய்விட்டது.

1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் அங்கே தோண்டியவர்களும் அடுக்கைக் கவனித்துத் தோண்டவில்லை. கிடைத்த பொருட்களில் சில ஹனோய் அருங்காட்சியகம் வரைக்கும் போயின. 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்தார். அவர் ஆள் எப்படி என்பது வேறு விஷயம், அவருடைய பிடிவாதம் ஒன்றுதான் எனக்கு இங்கே வேண்டும்: எது கிடைத்தாலும் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று எழுதாமல் கையில் எடுக்கக் கூடாது. இத்தாலியிலிருந்து வந்த சிவப்புப் பாண்டத் துண்டுகளின் காலம் ஏற்கெனவே தெரியும். அவை கிடந்த அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் அதை வைத்துக் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த உறுதியான கால அளவுகோல்களில் ஒன்று எங்கள் ஊர் மண்ணில் இப்படித்தான் உண்டானது. மறுவருடமே அறிக்கையையும் அச்சில் கொண்டுவந்துவிட்டார்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அதே மேட்டில் மறுபடி தோண்டினார்கள். ரோமானியர்கள் வந்துதான் அந்த இடம் எழுந்தது என்ற வீலரின் சித்திரத்தை மாற்றினார்கள். அதற்கு முன்பே அங்கே மக்கள் இருந்திருக்கிறார்கள், ஊர் இருந்திருக்கிறது. பெக்லியால் வீலரை எப்படி மறுக்க முடிந்தது? வீலர் தன் முடிவையும், அந்த முடிவுக்கு ஆதாரமான அடுக்கையும் தனித்தனியாகப் படிக்கும்படி எழுதி வைத்திருந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை யாராலும் மறுக்க முடியாது. அதில் மறுப்பதற்கு எதுவுமே இல்லை.

ஜேபெக் படத்தைத் திறந்து, மாற்றி, அதன்மேலேயே சேமிக்கிறவர் அடுக்கு பார்க்காமல் தோண்டுகிறவர். மூலமும் இல்லை, என்ன மாற்றினோம் என்பதும் இல்லை. மூலத்தையும் முடிவையும் பிரித்து வைக்கிற மென்பொருள் அந்த வகையில் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் முடிவுகளை ஒரு நிறுவனத்தின் நிரலுக்கு மட்டும் புரிகிற பெட்டியில் வைத்துவிட்டால், தோண்டியவரின் குறிப்பேட்டைப் பூட்டிச் சாவியை அவரே எடுத்துக்கொண்டு போன மாதிரி.

புதுச்சேரியிலேயே இதற்கு நேரெதிர் உதாரணம் ஒன்று இருக்கிறது. செயின்ட் லூயி வீதியில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியது. அதன் ஆட்கள் பல பத்தாண்டுகளாகத் தென்னிந்தியக் கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் கலைப்படம் என்று சொல்லத்தக்கவை எத்தனை தேறும் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். நேராக நிறுத்தி, ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்கள் நிறைய. ஆனால் ஒவ்வொன்றோடும் எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மூர்த்தி, எப்போது என்ற குறிப்பு இருந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் திருடுபோய், சுபாஷ் கபூர் என்ற வியாபாரி வழியாக 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் சிட்னிக்குப் போயிருந்தார். இவை சட்டப்படி வெளியேறியவை என்று காட்டக் காகிதங்கள் எல்லாம் இருந்தன. அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கியவற்றில் முக்கியமானவை இந்த நிறுவனத்தின் பழைய படங்கள். விக்கிரகம் கோயிலுக்குள் இருக்கிறது, படத்தில் ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது. 2014 செப்டம்பரில் இருவரும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள்.

குறிப்பு இல்லாத அதே படம் என்ன செய்திருக்கும்? ஒரு நடராஜர் படம். நம் ஊரில் நடராஜர் படத்துக்கா பஞ்சம். அந்தப் படத்தை எடுத்தவருக்கோ அட்டையில் ஊர்ப்பெயர் எழுதியவருக்கோ ஒரு நாள் இது கடல் கடந்து போன விக்கிரகத்தை மீட்கும் என்று தெரிந்திருக்காது. தெரியாமல் எழுதியதுதான் விஷயம்.

மென்பொருள் செத்துப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழிலில் இருக்கிறவனாகச் சொல்கிறேன், நாங்கள் கட்டுவது எதுவும் அதிக நாள் தங்குவதில்லை. ஆப்பிளின் அப்பர்ச்சர் 2005இல் வந்தது, 2014இல் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். கூகுள் 2004இல் பிக்காசாவை வாங்கியது, 2016இல் நிறுத்தியது. 2015இல் கூகுள் ஃபோட்டோஸ் அளவில்லா இலவச இடம் தருவதாக வந்தது, 2021 ஜூனில் அது முடிந்தது. அடோபி 2017இல் லைட்ரூமை ஒரே தடவை விலைக்கு வாங்குகிற வழியை மூடிச் சந்தாவுக்கு மாறியது. இதில் யாரையும் வில்லனாக்க எனக்கு ஆசையில்லை. சந்தா நின்றாலும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், அடுக்கலாம், வெளியே எடுக்கலாம், திருத்தத்தான் முடியாது. அது நியாயமான ஏற்பாடுதான். நிறுவனம் என்றால் ஒரு நாள் வேறு வேலைக்குப் போகும், நம் பிள்ளைகள் போகிற மாதிரி. வெளியேறுகிற கதவு எங்கே இருக்கிறது என்று உள்ளே நுழையும்போதே பார்த்துவைப்பது நம் பொறுப்பு. டிஜிகேமை 2001இல் ரெஞ்சி ராஜு என்பவர் ஆரம்பித்தார். அவர் விட்டுப்போய் வெகுகாலமாகியும் மற்றவர்கள் கையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்த மூல நிரலில் ஆள் போனாலும் நிரல் இருக்கும். நாளைக்கு அதுவும் நின்றுபோகலாம், ஆனால் அது எழுதிவைத்த பெயர்கள் படத்துக்குள் இருக்கும்.

என் சித்தப்பா பிக்காசாக்காரர். ஓய்வுபெற்ற பிறகு இரண்டு மூன்று வருடம் அதுதான் அவருக்கு வேலை. பழைய கல்யாண ஆல்பங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் போட்டார். அவர் 2018இல் இறந்துபோனார், அதற்குள் பிக்காசாவும் போய்விட்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் என்னிடம் வந்தது. படங்களைத் திறந்தால் முகங்கள்தான், பெயர் எதுவும் இல்லை. ஆனால் பிக்காசா ஒவ்வொரு ஃபோல்டரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சாதாரண உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்தேன். முகம் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு ஓர் எண், அது யார் என்பதற்கு ஓர் எண், கீழே எண்ணுக்கு நேராகப் பெயர்கள். பாகூர் அத்தை. பிரான்சு மாமா. சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சின்னதாக ஒரு நிரல் எழுதி எல்லாவற்றையும் எக்ஸ்எம்பிக்கு மாற்றினேன், ஒரு ராத்திரி வேலை. நிறுவனம் போய், நிரல் போய், சித்தப்பாவும் போன பிறகு, அவர் தட்டச்சு செய்த பெயர்கள் மட்டும் பிழைத்ததற்குக் காரணம், யாரோ ஒரு பொறியாளர் அதை எவரும் படிக்கக்கூடிய எழுத்தாகச் சேமிக்க முடிவெடுத்ததுதான்.

அந்தக் கோப்புகளில் இன்னொன்றும் இருந்தது. பெயர் போடாத முகங்களுக்கெல்லாம் ஒரே எண்: எஃப் என்ற எழுத்து பதினாறு தடவை. கூட்டத்தில் பின்னால் நிற்கிற யாரோ, பந்தியில் திரும்பிப் பார்த்த யாரோ. ஆனால் பதினோரு படங்களில் ஒரே பெண்ணுக்கு அந்த எண் வந்தது. சின்ன வயது, இரட்டைச் சடை, ஒரு படத்தில் பாகூர் அத்தையின் தோளில் கை போட்டிருக்கிறாள். சித்தப்பா நாதஸ்வரக்காரருக்குப் பெயர் போட்டிருக்கிறார், சமையல்காரருக்குப் போட்டிருக்கிறார். இவளுக்குப் போடவில்லை. தெரியாமல் விட்டாரா, தெரிந்து விட்டாரா என்பதைக் கோப்பு பிரித்துச் சொல்லாது. பதினாறு எஃப், அவ்வளவுதான்.

இங்கேதான் நான் இதுவரை சொன்னது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எல்லாவற்றையும் எழுதி வை, படத்துக்குள்ளேயே எழுதி வை என்று சொல்வது எளிது. படத்துக்குள் எழுதிய பெயர் படம் போகிற இடமெல்லாம் போகும். தெருப் பையன் எடுத்த தேர்ப் படங்களில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டுக்குத் தெரியாமல் கூட்டத்தில் யாரோடோ நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கைபேசியில் எடுத்ததில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கிறது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். இந்த வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரியும்? முகத்தை அடையாளம் காண்கிற வேலையை டிஜிகேம் உங்கள் கணினிக்குள்ளேயே செய்கிறது, மேகக்கணிச் சேவைகள் அவர்கள் இடத்தில் செய்கின்றன. 2023இல் வந்த நம் தனிநபர் தரவுச் சட்டம், ஒரு தனிமனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதைத் தொடுவதில்லை. சட்டம் ஒதுங்கிக்கொண்டால் மீதி முழுக்க நம் தலையில்தான்.

விக்கிரகத்துக்குப் பெயர் வேண்டும், அது காணாமல் போனால் கேட்பதற்கு. மனிதர்களுக்கு அப்படி எல்லா நேரமும் வேண்டியதில்லை. சிலருக்குக் காணாமல் போவதே பிழைக்கும் வழி.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. பையன் காட்டிய படங்களில் தேர்வடம் பிடிக்கிற மீனவர் ஒருவரின் முகம். காலை வெயில் தலைக்கு மேல், முகம் பாதி நிழல். அவன் நிழலைத் தூக்கியிருந்தான். "வெள்ளையடிச்சிட்டியா?" என்றேன். "இல்லண்ணா, நேர்ல பாத்தப்ப அவரு கண்ணு தெரிஞ்சுது. கேமராவுலதான் தெரியல." அவன் சொன்னது சரி. கண் பார்க்கிற அளவுக்குக் கேமரா வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே நேரத்தில் பார்க்காது. கல்யாண ஆல்பத்தில் பெண்ணை மூன்று ஷேட் ஏற்றுகிற ஸ்டூடியோக்காரர் செய்வதும் அதே ஸ்லைடர்தான், ஆனால் அது வேறு வேலை. அந்தப் பெண்ணின் பேத்தி ஒரு நாள் பாட்டி உண்மையில் எந்த நிறம் என்று தெரிந்துகொள்ள நினைத்தால், மூலமும் குறிப்பும் இருந்தால் முடியும். ஆல்பம் மட்டும் இருந்தால் முடியாது. ஸ்டூடியோக்காரர் அந்த நிறத்தை மாற்றவில்லை, தோண்டித் தூர எறிந்துவிட்டார்.

அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அடுக்குவதற்கு டிஜிகேம். திருத்துவதற்கு உனக்குக் கை வருகிற எதுவும். லைட்ரூம் பிடித்தால் லைட்ரூமே கட்டு, ஆனால் எக்ஸ்எம்பி எழுதச் சொல்லிவிடு. டார்க்டேபிளின் திருத்தக் குறிப்பு டார்க்டேபிளுக்குத்தான் புரியும், லைட்ரூமுடையது லைட்ரூமுக்கு. அதனால் நீ முடித்துவிட்டதாக நினைக்கிற படத்தை மட்டும் டிஃப் ஆகவோ நல்ல ஜேபெக் ஆகவோ தனியாக வெளியே எடுத்து வை. பெயரும் நட்சத்திரமும் குறிச்சொல்லும் பெரும்பாலும் எங்கே போனாலும் புரியும். வெளியே அனுப்புகிற படத்திலிருந்து பெயரையும் இடத்தையும் எடுத்துவிட்டு அனுப்பு, எல்லாவற்றிலும் அதற்கு வழி இருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று வேறு வீட்டில். "அப்ப எல்லார் பேரையும் கேட்டு எழுதணுமாண்ணா? மீன் விக்கிற ஆயாகிட்டப் போயி பேரு என்னன்னு கேட்டா திட்டும்" என்றான். திட்டினால் எழுதாதே என்றேன். அதைத் தவிர எனக்கு வேறு விதி தெரியவில்லை.

சித்தப்பாவின் படங்களை டிஜிகேமில் ஏற்றியபோது அந்த இரட்டைச் சடைப் பெண்ணின் பதினோரு முகங்களுக்கும் யார் இது என்று அது ஒரு காலிப் பெட்டியை நீட்டியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தோளில் கை போட்டிருக்கிற படத்தில் ரொம்ப நேரம் நின்றாள். யார் என்று சொன்னாள், எந்த வருஷம், யாரோடு, எந்த ஊருக்கு, வீட்டில் அப்போது யார் என்ன சொன்னார்கள், எல்லாம் சொன்னாள். நான் பெட்டியில் கர்சரை வைத்தேன்.

"எழுதாதடா" என்றாள்.

"ஏம்மா, இப்ப யாரு இருக்கா கோச்சுக்க?"

"அவ இருக்கா இல்ல. அவளக் கேக்காம நம்ம எப்படி எழுதறது?"

எந்த ஊரில் என்று அம்மாவுக்குத் தெரியும், போன் நம்பர் தெரியாது. பாகூர் அத்தையின் மகளிடம் இருக்கலாம் என்கிறாள். பெட்டியில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.